படபடக்கும் நெஞ்சை ஓட விடலாமா?

தெருமுனைக் கடைக்குக்கூடத் தனியாகப் போகப் பயந்தவர்களைப் பார்த்து "ஓடுங்கள்" என்றார் ஒரு மருத்துவர். 1973-ல் பிரிட்டிஷ் மனநல மருத்துவ இதழில் வந்த அவருடைய கட்டுரையின் தலைப்பே 'ஓட்டச் சிகிச்சை' என்றுதான் தொடங்குகிறது. எழுதியவர் ஏ. ஆர்வின். அவரிடம் வந்தவர்களுக்கு வீட்டைவிட்டு நாலு எட்டு தள்ளிப் போனாலே நெஞ்சு அடித்துக்கொள்ளும், மூச்சு முட்டும், இதோ செத்துவிடப் போகிறோம் என்று தோன்றும். ஆர்வின் செய்தது இவ்வளவுதான். எந்த இடத்தைக் கண்டு பயமோ, அந்த இடத்தை நோக்கி மூச்சிரைக்க ஓடிப் போகச் சொன்னார். போய்ச் சேரும்போது நெஞ்சு ஏற்கெனவே திம்திம்மென்று அடித்துக்கொண்டிருக்கும். மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும். பயம் வந்து புதிதாகச் செய்வதற்கு உடம்பில் வேலை எதுவும் மிச்சம் இருக்காது. ஏன் இப்படி அடித்துக்கொள்கிறது என்று மனசு கேட்டால், 'ஓடி வந்தேன், வேறென்ன' என்று சொல்லிவிடலாம்.

மிகச் சில நோயாளிகளிடம் செய்து பார்த்த முயற்சி அது. பெரிய ஆய்வு என்று ஆர்வினே சொல்லிக்கொள்ளவில்லை. ஆனால் உடற்பயிற்சி மனப்பதற்றத்தை எப்படித் தணிக்கிறது என்று அடுத்த ஐம்பது ஆண்டுகளில் எழுதப்பட்ட ஏராளமான ஆய்வுகளைப் படித்துவிட்டுத் திரும்பி வந்தால், இந்தச் சின்னக் கட்டுரை விஷயத்தின் நடுமண்டையில் கை வைத்திருப்பது தெரிகிறது. 'உடற்பயிற்சி செய்தால் டென்ஷன் குறையும்' என்று எல்லோரும் சொல்கிறோம். ஏன் குறைகிறது என்று கேட்டால் எண்டார்பின் என்று ஒரு பெயரைச் சொல்லி முடித்துக்கொள்கிறோம். கதை அதைவிடச் சுவையானது.

"நல்லா ரெஸ்ட் எடுங்க"

இரவு நேரத்தில் எந்த ஊர் மருத்துவமனையின் அவசரப் பிரிவில் உட்கார்ந்திருந்தாலும் இந்தக் காட்சி தட்டுப்படும். முப்பது, முப்பத்தைந்து வயதுக்காரர் ஒருவரை ஆட்டோவில் கூட்டிக்கொண்டு ஓடி வருவார்கள். "நெஞ்சு அடைக்குது டாக்டர், கையெல்லாம் மரத்துப்போச்சு, ஏதோ ஆகப்போவுது." ஈசிஜி எடுப்பார்கள். ரத்தம் எடுப்பார்கள். ஒரு மணி நேரம் கழித்து, "ஒண்ணும் இல்லைங்க, எல்லாம் நார்மலா இருக்கு. கேஸ் ட்ரபிளா இருக்கும். வீட்டுக்குப் போய் நல்லா ரெஸ்ட் எடுங்க" என்று அனுப்பிவிடுவார்கள். கொஞ்ச நாளில் அதே ஆட்டோ, அதே நெஞ்சடைப்பு.

வந்தவர் பொய் சொல்லவில்லை. அவருடைய இதயம் உண்மையாகவே வேகமாக அடித்தது. கை மரத்துப்போனதும் உண்மை. பயத்தில் மேல்மூச்சு கீழ்மூச்சாக வாங்கினால் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து விரல்கள் மரத்துப்போகும். மாரடைப்பு இல்லை என்பது மட்டும்தான் ஈசிஜி சொன்ன சேதி. அப்படியென்றால் என்ன என்பதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு அவர் மாடிப்படி ஏறுவதைக் குறைக்கிறார். ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட்டை விடுகிறார். தண்ணீர்க் கேனைத் தூக்கப் போனால், "நீங்க தூக்காதீங்க, விடுங்க, தம்பியை வரச் சொல்றேன்" என்று மனைவி ஓடி வருகிறார். எல்லாம் அக்கறையில்தான். ஆறு மாதம் இப்படிப் போனால் உழைப்புக்குப் பழகாத உடம்பு பத்துப் படி ஏறினாலே நெஞ்சைப் படபடக்கவைக்கும். அந்தப் படபடப்பு அடுத்த பயத்துக்கு விதை.

1980-களில் ஸ்டீவன் ரைஸ் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவருடைய கூட்டாளிகளும் இந்த இயல்பை அளக்க ஒரு கேள்வித்தாளே தயாரித்தார்கள். வெளியே இருக்கும் பாம்பையோ தேர்வையோ கண்டு எவ்வளவு பயம் என்று அது கேட்பதில்லை. உங்கள் நெஞ்சு வேகமாக அடித்தால் உங்களுக்குப் பயமா, மூச்சு வாங்கினால் பயமா, தலை சுற்றினால் பயமா என்று கேட்கிறது. பயத்தின் அடையாளங்களைக் கண்டே பயப்படுவது. இதில் அதிக மதிப்பெண் வாங்குகிறவர்களுக்குப் பின்னாளில் திடீர்ப் பதற்றத் தாக்குதல்கள் வரும் வாய்ப்பு கூடுதல். இப்படிப்பட்டவர்கள் உடற்பயிற்சியைத் தவிர்ப்பதும் இயல்புதானே? ஓட்டம் என்பது அவர்கள் எதையெல்லாம் கண்டு அஞ்சுகிறார்களோ அதையெல்லாம் ஒரே மூட்டையாகக் கட்டித் தருகிற காரியம்: வியர்வை, படபடப்பு, மூச்சிரைப்பு, கால் நடுக்கம்.

சிப்பாய்களின் இதயம்

இந்தக் குழப்பம் நம் காலத்தில் தொடங்கியதில்லை. அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது பிலடெல்பியாவில் ஜேக்கப் மெண்டிஸ் டா கோஸ்டா என்ற மருத்துவர் ஒரு வகைச் சிப்பாய்களைத் தொடர்ந்து பார்த்தார். நெஞ்சு வலி, படபடப்பு, மூச்சுத் திணறல், துப்பாக்கியைத் தூக்கக்கூட முடியாத களைப்பு. சோதித்துப் பார்த்தால் இதயத்தில் பழுது எதுவும் தென்படவில்லை. 300-க்கும் மேற்பட்டவர்களைக் கவனித்து 1871-ல் அவர் எழுதிய கட்டுரையில் இதற்கு 'எரிச்சலுற்ற இதயம்' என்று பெயர் வைத்தார்.

முதல் உலகப் போரில் இதே வியாதி பிரிட்டிஷ் படையில் பல்லாயிரம் பேரைப் படுக்க வைத்தது. இதய நோய் என்றே நினைத்து அவர்களை மாதக்கணக்கில் கட்டிலில் கிடத்தினார்கள். டிஜிட்டாலிஸ் மருந்து கொடுத்தார்கள். அப்போது லண்டன் ஹாம்ப்ஸ்டெட்டில் இவர்களுக்கென்றே ஒரு ராணுவ மருத்துவமனை இயங்கியது. அங்கே வேலை பார்த்த தாமஸ் லூயிஸ், இதயத் துடிப்பின் மின்வரைபடத்தை, அதாவது நம்முடைய ஈசிஜியை, மருத்துவத்துக்குள் கொண்டுவந்த முன்னோடிகளில் ஒருவர். அந்தக் கருவியை நன்றாக அறிந்தவர் என்பதாலோ என்னவோ, அது 'பழுதில்லை' என்று சொன்னதை அவர் நம்பினார். சிப்பாய்களைக் கட்டிலிலிருந்து எழுப்பி, படிப்படியாகக் கடுமையாகும் உடற்பயிற்சிக்கு அனுப்பினார். யாரால் எவ்வளவு முடிகிறது என்று கண்டுபிடிப்பதற்கும் அதே பயிற்சி, குணப்படுத்துவதற்கும் அதே பயிற்சி. 1918-ல் இதைப் பற்றி அவர் புத்தகமே எழுதினார். படுக்கையும் மருந்தும் செய்யாததை டிரில் செய்தது என்பது அதன் சாரம்.

லூயிஸ் இதை உடம்பின் கோளாறாகத்தான் கடைசிவரை பார்த்தார். மனசின் பங்கைப் பளிச்சென்று எடுத்துவைத்தவர் பால் வுட். (நம் நீலகிரி மாவட்டத்துக் குன்னூரில் 1907-ல் பிறந்தவர், பிற்காலத்தில் பிரிட்டனின் மிகப் பெரிய இதய மருத்துவர்களில் ஒருவரானார்.) 1941-ல், இரண்டாம் உலகப் போரின் நடுவில், லண்டனில் அவர் ஆற்றிய உரைகளில் இது இதய நோயே இல்லை, அச்சத்தின் உடல் வடிவம் என்று வாதாடினார். அவர் போட்டுக் காட்டிய சங்கிலி இது: உணர்ச்சியால் வந்த படபடப்பை நோயாளி தப்பாகப் புரிந்துகொள்கிறார், கோளாறு இதயத்தில்தான் என்ற நம்பிக்கை வேர்விடுகிறது, உடம்பை அலட்டினால் திடீரென்று செத்துவிடுவோம் என்ற பயம் வருகிறது, அந்தப் பயமே மறுபடியும் நெஞ்சைப் படபடக்கவைக்கிறது. இன்றைக்கு நம்மூர் அவசரப் பிரிவிலிருந்து ஆட்டோவில் வீடு திரும்புகிறவரைப் பற்றி இதைவிட நன்றாக யார் எழுத முடியும்?

இவ்வளவு தெரிந்த பிறகும் மருத்துவ உலகம் ஒருமுறை பின்வாங்கியது. 1967-ல் பிட்ஸ், மெக்ளூர் என்ற இரு அமெரிக்கர்கள் பதற்ற நோயாளிகளுக்கு லாக்டேட் கரைசலை ரத்தநாளத்தில் ஏற்றிப் பார்த்தார்கள். பலருக்குப் பதற்றத் தாக்குதல் வந்தது. கடுமையாக ஓடும்போதும் ரத்தத்தில் லாக்டேட் கூடும். அப்படியானால் உடற்பயிற்சி இவர்களுக்கு ஆபத்து அல்லவா? காகிதத்தில் சரியாகத்தான் இருந்தது கணக்கு. அதனால் பல ஆண்டுகளுக்கு 'இவர்களை ஓட விடாதீர்கள்' என்ற எச்சரிக்கை உலவியது. உண்மையில் ஓடவிட்டுப் பார்த்தபோது நடந்தது வேறு. 2000-ல் பழைய ஆய்வுகளையெல்லாம் திரட்டிப் பார்த்ததில், பதற்றத் தாக்குதல் நோய் உள்ளவர்கள் 444 முறை உடற்பயிற்சி செய்ததில் தாக்குதல் வந்தது வெறும் 5 முறை. ரத்தத்தில் லாக்டேட் ஏறுவதற்குத் தானே ஓடியதுதான் காரணம் என்று தெரிந்திருந்தால் மனசு அலறுவதில்லை. ஊசி வழியாக, காரணம் தெரியாமல் ஏறினால் அலறுகிறது.

எலியின் நெஞ்சில் ஒளி

காரணம் தெரிவதும் தெரியாததும் இவ்வளவு பெரிய வித்தியாசமா என்று சந்தேகப்படுகிறவர்களுக்கு 2023-ல் நேச்சர் இதழில் வந்த ஓர் ஆய்வைச் சொல்லலாம். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் கார்ல் டைசராத்தின் குழு சுண்டெலிகளின் இதயத்தை ஒளியால் இயக்கும்படி செய்தது. ஒளி பட்டால் சுருங்குமாறு இதயத் தசைச் செல்களை மாற்றி, எலிக்கு ஒளிவீசும் சின்னச் சட்டை ஒன்றைப் போட்டுவிட்டார்கள். நிமிடத்துக்கு 660 முறை அடிக்கும் எலி இதயத்தை 900-க்கு ஏற்றினார்கள். எலி பயந்ததா? சும்மா இருக்கும் இடத்தில் பயப்படவில்லை. ஆபத்து இருக்கலாம் என்ற சூழலில், அதாவது உயரமான திறந்த பாதையில், மின்னதிர்ச்சி வரக்கூடிய இடத்தில், வேகமாக அடிக்கும் நெஞ்சு அதை வழக்கத்தைவிட அதிகமாகப் பதுங்கவைத்தது. மூளையில் உடம்பின் உள்நிலையைக் கேட்டுக்கொண்டிருக்கும் இன்சுலா என்ற பகுதியை அடக்கியபோது அந்தக் கூடுதல் பயம் போய்விட்டது.

நெஞ்சு மூளைக்குப் பேசுகிறது என்பது ஒரு பாதி. அது பேசுவதை எந்தச் சூழலில் எப்படிப் படிப்பது என்று மூளை தீர்மானிக்கிறது என்பது மறு பாதி. உடற்பயிற்சி வேலை செய்வது இந்த இரண்டாவது பாதியில். பதற்றக்காரரின் மூளை, வீட்டுக்காரர் வந்தாலும் திருடன் வந்தாலும் ஒரே மாதிரி குரைக்கிற நாய். வாரத்துக்கு மூன்று நாள், நல்ல வெளிச்சத்தில், தன் விருப்பத்தோடு நெஞ்சைப் படபடக்கவைத்து, பத்து நிமிடத்தில் அது தானாக அடங்குவதையும் பார்த்துக்கொண்டே வந்தால், அந்த நாய் மெல்ல ஆளை அடையாளம் கண்டுகொள்கிறது.

2004-ல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வு இதை நேரடியாகவே சோதித்தது. உடம்பின் அறிகுறிகளைக் கண்டு பயப்படும் 54 மாணவர்கள். ட்ரெட்மில்லில் இருபது இருபது நிமிடமாக ஆறே தடவை. ஒரு குழு மெதுவாக நடந்தது, இன்னொன்று வேர்த்து விறுவிறுக்க ஓடியது. இரண்டு குழுவுக்கும் பதற்றத்தைக் கண்டே அஞ்சும் இயல்பு குறைந்தது. ஆனால் ஓடியவர்களுக்கு விரைவாகக் குறைந்தது. உடம்பின் அறிகுறிகளைக் கண்டு வரும் பயம் குறைந்ததும் அவர்களுக்கு மட்டும்தான். வெறும் 'ரிலாக்ஸ்' ஆவதுதான் காரணம் என்றால் இந்த வேறுபாடு வந்திருக்காது.

எண்டார்பின் பற்றி ஒரு வார்த்தை. ஓடி முடித்ததும் வரும் அந்த லேசான மிதப்புக்கு எண்டார்பின்தான் காரணம் என்பது பத்திரிகைகள் பரப்பிய பாதி உண்மை. 2015-ல் ஜெர்மனியில் எலிகளை ஓடவிட்டுச் செய்த ஆய்வில், எண்டார்பின் வேலை செய்யும் ஏற்பிகளை அடைத்த பிறகும் ஓட்டம் எலியின் பயத்தைக் குறைத்தது. உடம்பே சுரக்கும் கஞ்சா போன்ற ஒரு பொருளின் ஏற்பிகளை அடைத்தபோதுதான் அந்தப் பலன் காணாமல்போனது. பிரின்ஸ்டனில் எலிசபெத் கோல்டின் ஆய்வகம் 2013-ல் காட்டியது இன்னும் ஆழமானது. ஆறு வாரம் ஓடிய எலிகளின் மூளையில் புதிய நரம்பணுக்கள் பிறந்தன. இவை எளிதில் கிளர்ந்தெழும் ரகம். அப்படியானால் ஓடும் எலி அதிகமாகப் பதற வேண்டும். குளிர்ந்த நீரில் விட்டபோது அது பதறவில்லை. கிளர்ச்சியை அடக்கும் காபா என்ற ரசாயனமும் அங்கே கூடுதலாகச் சுரந்திருந்தது. வண்டியின் வேகமும் கூடியிருக்கிறது, பிரேக்கும் வலுவாகியிருக்கிறது.

இரண்டு நாடுகள், இரண்டு விடை

இதுவரை படித்தவர்கள் ஷூ வாங்கக் கிளம்பியிருக்கலாம். கொஞ்சம் பொறுங்கள்.

ஸ்வீடனில் 1922 முதல் நடக்கும் வாசலோப்பெட் என்ற பனிச்சறுக்குப் பந்தயத்தின் தூரம் 90 கிலோமீட்டர். 1989 முதல் 2010 வரை அதில் கலந்துகொண்டவர்களையும், அதே அளவு கலந்துகொள்ளாதவர்களையும் சேர்த்து ஏறத்தாழ 4 லட்சம் பேரின் மருத்துவப் பதிவுகளை லுண்ட் பல்கலைக்கழகத்தினர் ஒப்பிட்டார்கள். 2021-ல் வந்த முடிவு: பந்தயக்காரர்களுக்குப் பதற்ற நோய் வரும் வாய்ப்பு சுமார் 60 சதவீதம் குறைவு. கொண்டாடத்தான் தோன்றும். ஆனால் பெண்களில் மிக வேகமாகப் பந்தயத்தை முடித்தவர்களுக்கு, மெதுவாக முடித்தவர்களைவிடப் பதற்ற நோய் ஏறக்குறைய இரண்டு மடங்கு. பந்தயத்துக்கே வராதவர்களைவிட அவர்களும் மேல்தான் என்றாலும், 'எவ்வளவு வேகமோ அவ்வளவு நிம்மதி' என்ற கணக்கு உடைந்துவிடுகிறது.

பக்கத்து நாடான நார்வேயில் 33,908 பேரை 11 ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு 2018-ல் வந்தது. வாரம் ஒரு மணி நேர உடற்பயிற்சிகூட மனச்சோர்வு வராமல் காக்கிறது, 12 சதவீத மனச்சோர்வை அப்படித் தடுத்திருக்கலாம் என்றது. பதற்ற நோய்க்கோ? அப்படி ஒரு பாதுகாப்பு தெரியவில்லை என்று அதே ஆய்வு சொல்லிவிட்டது. இந்த இரண்டாவது வரியை உடற்பயிற்சிப் பிரசாரகர்கள் மேற்கோள் காட்டி நான் பார்த்ததில்லை.

90 கிலோமீட்டர் பனியில் சறுக்கப் பெயர் கொடுக்கிறவர் ஏற்கெனவே நெஞ்சுப் படபடப்புக்கு அஞ்சாதவராக இருப்பார் என்பதை யோசித்தால் ஸ்வீடன் எண்ணின் பளபளப்பு குறையும். என் கணிப்பு இது: பதற்றம் வராமலே தடுக்கும் கவசமாக உடற்பயிற்சியைப் பேசுவதற்கு ஆதாரம் போதாது. வந்த பதற்றத்தைத் தணிக்கும் சிகிச்சைகளில் ஒன்றாகப் பேச ஆதாரம் நன்றாகவே இருக்கிறது. ஸ்வீடனின் கோத்தன்பர்க்கில் 286 பதற்ற நோயாளிகளை 12 வாரம், வாரத்துக்கு மூன்று முறை, ஒரு மணி நேரம் பயிற்சி செய்யவைத்தார்கள். அவர்களில் பாதிப் பேர் பத்தாண்டுக்கு மேல் பதற்றத்தோடு வாழ்ந்தவர்கள். நிதானமாகச் செய்தவர்களுக்கும் கடுமையாகச் செய்தவர்களுக்கும், சும்மா அறிவுரை மட்டும் பெற்றவர்களைவிட நல்ல முன்னேற்றம்.

மாத்திரையோடு மோதவிட்ட ஆய்வும் உண்டு. 1998-ல் ஜெர்மனியில் பதற்றத் தாக்குதல் நோயாளிகள் 46 பேரை மூன்று குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு ஓட்டம், ஒரு குழுவுக்குக் குளோமிபிரமின் மாத்திரை, ஒரு குழுவுக்கு மருந்தே இல்லாத வெறும் மாத்திரை கொடுத்தார்கள். பத்து வாரத்தில் ஓட்டம் வெறும் மாத்திரையைத் தெளிவாக வென்றது. உண்மையான மாத்திரை ஓட்டத்தை வென்றது. சீக்கிரமாகவும் வேலை செய்தது. ஓட்டக் குழுவில் 31 சதவீதம் பேர் பாதியில் நின்றுவிட்டார்கள். மாத்திரைக் குழுவில் ஒருவரும் நிற்கவில்லை. ஆகவே மாத்திரையை நிறுத்திவிட்டு ஓடச் சொல்கிற வாட்ஸ்அப் மருத்துவர்களை நம்ப வேண்டாம். மருத்துவர் கொடுத்த மாத்திரையைத் தானாக நிறுத்துவது ஆபத்து. இரண்டும் சேர்ந்தே போகலாம்.

யோகா? 2020-ல் அமெரிக்காவில் 226 பேரிடம் நடந்த ஆய்வில், ஓயாத கவலை நோய்க்கு மூன்று மாதக் குண்டலினி யோகா 54 சதவீதம் பேருக்குப் பலன் தந்தது. எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் சிபிடி சிகிச்சை 71 சதவீதம் பேருக்கு. மன அழுத்தம் பற்றிப் பாடம் மட்டும் கேட்டவர்களில் 33 சதவீதம் பேருக்கு. பலன் உண்டு, முதலிடம் இல்லை. எடை தூக்குவதையும் சிறிசாக நினைக்க வேண்டாம். ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் இதே கவலை நோயுள்ள 30 பெண்களிடம் செய்த ஆறு வார ஆய்வில் எடைப் பயிற்சி செய்தவர்களில் 60 சதவீதம் பேர் நோய் அளவுகோலுக்கு வெளியே வந்தார்கள். சைக்கிள் மிதித்தவர்களில் 40 சதவீதம், எதுவும் செய்யாமல் காத்திருந்தவர்களில் 30 சதவீதம். சின்ன ஆய்வுதான். ஆனால் எடைப் பயிற்சி பெண்களுக்கு இல்லை என்று நினைக்கிறவர்கள் காதில் போட்டுவைக்கலாம்.

இன்னொரு குறும்புக்கார ஆய்வும் இருக்கிறது. 1978-ல் பார்க், மார்கன் என்ற இருவர் 75 ஆண்களை மூன்றாகப் பிரித்து, ஒரு குழுவை ட்ரெட்மில்லில் ஏற்றினார்கள், ஒரு குழுவைத் தியானம் செய்யவைத்தார்கள், மூன்றாவது குழுவை இருபது நிமிடம் அமைதியான அறையில் சாய்வு நாற்காலியில் உட்காரவைத்தார்கள். மூன்று குழுவுக்கும் பதற்றம் ஒரே அளவு குறைந்தது! அன்றாடத் தொல்லையிலிருந்து இருபது நிமிடம் விலகியிருப்பதே மருந்தோ என்ற கேள்வி அப்போது எழுந்தது. அன்றைக்கான நிம்மதிக்கு நாற்காலியே போதும் என்றுதான் தோன்றுகிறது. மாதக்கணக்கில் நீடிக்கிற மாற்றத்துக்கு நாற்காலி போதாது. நூற்றுக்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்த 1991-ம் ஆண்டு அலசல் ஒன்று, இயல்பாகவே பதறும் குணம் மாறுவதற்குப் பத்து வாரத்துக்கு மேல் பயிற்சி தேவைப்படுகிறது என்றது.

யாருடைய ஓட்டம்?

உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட பரிந்துரை வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு. இந்தியப் பெரியவர்களில் 2022-ல் ஏறத்தாழ பாதிப் பேர் இந்த அளவை எட்டவில்லை. பெண்களில் 57 சதவீதம், ஆண்களில் 42 சதவீதம். சோம்பேறித்தனம் என்று தலையங்கம் எழுதுவது சுலபம். சித்தாள் வேலைக்குப் போய்விட்டு வந்து குடத்தில் தண்ணீர் சுமக்கிற பெண்ணிடம் போய் உடற்பயிற்சி செய்யுங்கள் என்று சொல்ல முடியுமா? அவருக்கும் நெஞ்சு படபடக்கத்தான் செய்கிறது. 2017-ல் பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தவர்கள் கண்டது: ஓய்வு நேரத்தில் விரும்பிச் செய்யும் உடலசைவு நல்ல மனநலத்தோடு சேர்ந்து வருகிறது. பிழைப்புக்காகச் செய்யும் உடலுழைப்பு மனநலக் குறைவோடு சேர்ந்து வருகிறது. அசைகிற தசை அதேதான். எப்போது நிறுத்தலாம் என்ற உரிமை யார் கையில் இருக்கிறது என்பதில்தான் வேறுபாடு. தானே ஏற்றி, தானே இறக்குகிற படபடப்புதான் பாடம் சொல்லித்தரும். மேஸ்திரியின் குரலுக்கு ஏறுகிற படபடப்பு களைப்பைத்தான் தரும்.

அந்த உரிமை நம்மூரில் பெரும்பாலானவர்களிடம் இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் தமிழ்நாட்டையும் சேர்த்துச் செய்த ஆய்வு ஒன்று 2014-ல் வந்தது. விளையாட்டாக, பொழுதுபோக்காக உடம்பை அசைக்கிறவர்கள் பத்து சதவீதம்கூட இல்லை என்றது. பள்ளியில் பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் கடன் வாங்குவதில் தொடங்குகிறது இது. கடனைத் திருப்பித் தந்த கணக்கு வாத்தியாரை யாரும் கண்டதில்லை. வயசுக்கு வந்த பெண் ஓடினால் தெரு திரும்பிப் பார்க்கும். நடைபாதை இருக்கிற இடத்தில் பைக் நிற்கும், பைக் இல்லாத இடத்தில் நாய் படுத்திருக்கும். 2023-ல் அரசு மாவட்டத்துக்கு ஒன்றாக 8 கிலோமீட்டர் நடைப்பயிற்சித் தடங்களை அறிவித்தது நல்ல காரியம். மாவட்டத்துக்கு ஒன்று என்பதுதான் இடிக்கிறது. தடம் பக்கத்தில் இல்லாதவருக்கு மாடிப்படி உண்டு. கதவைச் சாத்திக்கொண்டு கயிறு தாண்டலாம். பதற்றத்துக்கான பயிற்சிக்கு மைதானம் கட்டாயமில்லை. நெஞ்சு கொஞ்சம் வேகமாக அடிக்க வேண்டும், அடங்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

கிளம்புவதற்கு முன் சில கறாரான விஷயங்கள். எல்லாப் படபடப்பும் மனசு சம்பந்தப்பட்டது இல்லை. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்கிறது தேசியக் குடும்பநல ஆய்வு. ரத்தசோகையும் படபடக்கவைக்கும், மூச்சு வாங்கவைக்கும். தைராய்டு கூடினாலும் அப்படியே. அதனால் முதலில் ஹீமோகுளோபின், தைராய்டு, ஈசிஜி பார்த்துவிடுங்கள். நடக்கும்போது நெஞ்சில் இறுக்கம் வந்து நின்றால் குறைகிறது என்றால், அல்லது பயிற்சியின்போது மயங்கி விழுந்தால், இந்தக் கட்டுரையை மூடிவைத்துவிட்டு இதய மருத்துவரிடம் போக வேண்டும். அவர் ஒன்றுமில்லை என்று சொன்ன பிறகு மாதாமாதம் ஈசிஜி எடுத்துக்கொண்டிருப்பதும் வியாதிதான்.

முதல் இரண்டு வாரம் படபடப்பு குறைந்ததாகத் தோன்றாது, கூடியதாகவே தோன்றலாம். அது தோல்வியில்லை, பயிற்சியே அதுதான். ஐந்து நிமிட வேக நடையில் தொடங்கி வாரம் கொஞ்சமாக ஏற்றினால் போதும். நடுவில் பயம் வந்தால் சட்டென்று நின்று வீட்டுக்கு ஓடாமல், வேகத்தைக் குறைத்து, அது தணியும்வரை நடந்துகொண்டே இருக்க வேண்டும். பயம் உச்சத்தில் இருக்கும்போது ஓடிவிட்டால், 'தப்பித்தோம்' என்ற தப்பான பாடத்தை மூளை படித்துக்கொள்ளும். ஸ்மார்ட் வாட்ச் கட்டுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: நிமிடத்துக்கு ஒருதரம் துடிப்பைப் பார்க்கிற பழக்கம் உங்களுக்கு இருந்தால் அதைக் கழற்றி வீட்டில் வையுங்கள். தனியாக முடியவில்லை, வீட்டைவிட்டு வெளியே வரவே முடியவில்லை என்கிறவர்கள் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம். கட்டணம் இல்லை.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2019-ல் 30 கோடியே 10 லட்சம் பேருக்குப் பதற்ற நோய் இருந்தது. எல்லோருக்கும் மனநல மருத்துவர் கிடைக்கப் போவதில்லை. ஆனால் தமிழ்நாட்டிடம் ஒரு வசதி இருக்கிறது. 2021-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், பிபி, சர்க்கரை மாத்திரையோடு வீட்டு வாசலுக்கே ஆள் வருகிறார். இயன்முறை மருத்துவரும் அந்தத் திட்டத்தில் இருக்கிறார். பக்கவாதம் வந்த பெரியவரின் காலை மடக்கி நீட்டச் சொல்லித் தருகிற அந்த இயன்முறை மருத்துவர், அதே வீட்டில் "நெஞ்சு படபடன்னு வருதுங்க, ஆஸ்பத்திரியில ஒண்ணுமில்லன்னுட்டாங்க" என்று சொல்கிற மருமகளுக்கு இருபது நிமிடம் ஒதுக்க முடியும். ஈசிஜி சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, மாடிப்படியில் கூடவே ஏறி இறங்கி, நாடித்துடிப்பு ஏறுவதையும் இறங்குவதையும் அவர் விரலாலேயே தொட்டு உணரவைக்கலாம். அதற்குப் புதிய மருந்தோ கட்டடமோ வேண்டாம். பயிற்சிக் கையேட்டில் இரண்டு பக்கம் கூடுதலாகச் சேர்த்தால் போதும்.